மச்சான் வாயில் மண்ணாகிப்போன சர்க்கரை

வளைவு வந்தது. மச்சான் வளையவில்லை.

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும் பாதை. பைக் நேராகப் போய் ஓரத்துச் சரளையில் உரசி, எப்படியோ தப்பித்துத் திரும்பியது. பின்னால் இலை மூட்டையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த நான், “மச்சான், ரோடு இந்தப் பக்கம்” என்றேன். ஆபத்து வந்தால் எனக்கு முதலில் வருவது நக்கல்தான். புத்தி பின்னால் டவுன் பஸ் பிடித்துத்தான் வரும்.

அவர் பதில் சொல்லவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் என் மனைவியின் அண்ணன். நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பித் தராமல் விட்டதே இல்லை. மலைக்காற்றில் எனக்குப் பல் கிட்டியது. அவர் சட்டையோ வேர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சிறுகுறிஞ்சான் இலை சர்க்கரை நோய்க்கு நிஜமாகவே எவ்வளவு உதவும் என்பது என் ஆராய்ச்சி. இத்தனை வருஷத்தில் எலிகளுக்குச் சர்க்கரை குறைந்தது, எனக்கு முடி குறைந்தது. மச்சான் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். அவர் ரத்தத்திலும் சர்க்கரை உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு. இலை பறிக்க மலைக்குப் போகிறேன் என்றதும், “நானும் வரேன் மாப்ள, என் மருந்து எங்க மொளைக்குதுன்னு பாக்கறேன்” என்று வண்டியை எடுத்துவிட்டார்.

இன்னொரு வளைவு. எதிரே ஜீப். ஹாரன் காதைக் கிழித்தது. வண்டியை நிறுத்தச் சொன்னால் அவர் காதில் ஏறவில்லை. கடைசியில், “மச்சான், அவசரமா ஒண்ணுக்கு வருது!” என்று கத்தினேன். அந்த ஒரு கோரிக்கையை எந்த நிலையிலும் மறுக்காத நல்ல மனசு அவருக்கு. பிரேக்கை அமுக்கினார். காலை ஊன்ற மறந்துவிட்டார். வண்டி, மூட்டை, நாங்கள் இருவர், எல்லாமாகச் சேர்ந்து ஒரு பெட்டிக்கடை வாசலில் சாய்ந்தோம்.

கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். மச்சான் எழுந்து நின்று, “வூடு வந்துடுச்சா மாப்ள?” என்று குழறினார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டாரா?” என்றார் அக்கா. சிரிப்பே இல்லை. “கண்ணு தெரியுதான்னு கேளு சார் மொதல்ல.”

கருணாபுரத்து விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் தள்ளாடுகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. கண்ணைத்தான் கேட்பார்கள்; அந்தச் சாராயம் முதலில் பறிப்பது அதைத்தான்.

“குடிக்கலக்கா, சக்கரை எறங்கிடுச்சு. வெல்லம் இருந்தா குடுங்க!”

அக்காவின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. “வெல்லம்லாம் இங்க விக்கறதில்ல.” கையில் மூட்டை, கூடவே தள்ளாடும் ஒரு ஆள், கேட்பது வெல்லம். இந்த மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெல்லத்தை ஊறவைத்துச் சாராயம் காய்ச்சுகிற கும்பல். அப்படி இல்லையென்றால், கும்பல் வேஷத்தில் வந்த போலீஸ். என் தொப்பையைப் பார்த்து இரண்டாவது என்று நினைத்திருப்பார்.

“சரி, சக்கரையாவது குடுங்க. டீக்குப் போடுவீங்களே, அது போதும்.”

அவர் டப்பாவை எடுப்பதற்குள் மச்சானின் கன்னத்தைத் தட்டினேன். உதட்டோரம் பச்சையாக வழிந்திருந்தது. சட்டைப்பை உப்பியிருந்தது. உள்ளே இலை, வெற்றிலை மடித்தாற்போல் அடுக்கடுக்காக.

“மச்சான், எவ்ளோ துன்னீங்க?”

“நீ அந்தாண்ட இலைய பறிச்சிக்கினு இருந்தியே... அப்பலேர்ந்து மென்னுக்கினுதான் இருக்கேன்.”

“காலையில சாப்டீங்களா?”

“வெறும் வவுத்துல துன்னாதான் மருந்து புடிக்கும்.”

“மாத்திரை?”

“அத வுடுவனா? எழுந்ததும் போட்டாச்சு.” சொல்லிவிட்டுப் பெருமையாகக் கண்ணை மூடினார்.

மூட விடக் கூடாது. தூங்கிவிட்டால் வாய்வழியாக எதையும் கொடுக்க முடியாது, புரையேறிவிடும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். டவர் ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. எப்படியோ இடத்தைச் சொல்லிவிட்டேன். அது கீழேயிருந்து ஏறி வர வேண்டும். ஒரு கரண்டிச் சர்க்கரையை அவர் வாயில் போட்டேன்.

தூ! முழுவதும் என் சட்டையில்.

“மண்ண அள்ளிப் போடறியே! என் தங்கச்சிய உனக்குக் குடுத்ததுக்கு இதுதான் மரியாதையா?”

அவர் நாக்கின்மேல் தப்பே இல்லை. சிறுகுறிஞ்சான் மென்றவனுக்குக் கொஞ்ச நேரம் இனிப்பு தெரியாது. சர்க்கரை மணல் மாதிரி நறநறக்கும். போன பொங்கலுக்கு இந்த வித்தையைக் காட்டித்தான் மாமியார் வீட்டில் கைதட்டு வாங்கினேன். இலையின் சத்து நாக்கில் எங்கே போய் உட்காருகிறது என்று படம் போட்டு அரைமணி நேரம் பேசுவேன். இப்போது ஒரு கரண்டியை ஒரு வாய்க்குள் தள்ள வக்கில்லை. இரண்டாவது கரண்டிக்குக் கையைத் தட்டிவிட்டார். மூன்றாவதுக்குத் தட்டவும் தெம்பில்லை, பல்லை மட்டும் கடித்துக்கொண்டார். கண் மேலே செருகியது. என் மனைவிக்கு என்ன சொல்லப்போகிறேன் என்ற வாக்கியம் தலைக்குள் தானாகவே எழுதிக்கொண்டிருந்தது.

“வெலகு சார்.” அக்கா ஒரு டம்ளரோடு வந்தார். “எலுமிச்ச புழிஞ்சி உப்பு போட்டிருக்கேன். எப்பேர்ப்பட்ட போதையா இருந்தாலும் எறங்கும்.”

போதை இல்லை என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை அபூர்வமாக மூடினேன். புளிப்பு! உப்பு! இலை கெடுப்பது இனிப்பை மட்டும்தானே! டப்பாவிலிருந்த சர்க்கரையை அப்படியே டம்ளரில் கவிழ்த்தேன்.

“அய்ய, இன்னா சார் பாயசமா பண்றே?”

“மச்சான், எலுமிச்ச ஜூஸு. இனிப்பே இல்ல, சத்தியமா.”

உதட்டில் வைத்தேன். நக்கினார். ஒரு வாய் உறிஞ்சினார். தொண்டை ஏறி இறங்கியது. “ம்... இது நல்லா கீது,” என்றார் கண்ணைத் திறக்காமலே, “உப்புதான் கம்மி.”

கொஞ்சம் கொஞ்சமாக முழுதும் உள்ளே போனது. அக்கா இன்னொன்று பிழிந்தார். பிறகு காத்திருந்தோம். அதுதான் கொடுமை, செய்ய ஒன்றுமே இல்லாமல் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. வேர்வை மெல்ல அடங்கியது. கண் என்னைத் தேடிப் பிடித்தது.

“ஏன் மாப்ள, பொணம் மாதிரி உக்காந்துக்கினு இருக்கே?” என்றார். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். “நான் குடிக்கறவன் இல்லம்மா.”

“வாட அடிக்கலியேன்னு நானும் அப்பவே பாத்தேன்,” என்றார் அக்கா, கொட்டிய சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே.

ஆம்புலன்ஸ் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தார். மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், நாளைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இதப் பத்தி ஆராய்ச்சி பண்றவரு நீங்கதானாமே. எறக்கினது எலையா, மாத்திரையா, பட்டினியா?”

“தெரியலைங்க.”

மச்சான் தலையைத் தூக்கினார். “தெரியலயா? எலிக்கு எறக்கின எலை எனக்கு எறக்காதா?”

“எலி மூணையும் ஒரே நாள்ல பண்ணலியே மச்சான். ஒண்ணொண்ணா குடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்.”

படுக்கையில் புரண்டு என் பக்கம் திரும்பினார். “அப்ப நான் மாத்திரைய வுட்டுட்டு எலைய மட்டும் துன்னு பாத்தா உனக்குத் தெரிஞ்சிடுமில்ல?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மலையில் கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. சர்க்கரைக்காரர்கள் பலர் இப்படித்தான் மாத்திரையை விடுகிறார்கள். பிறகு காலில் புண், கண்ணில் மங்கல். எனக்கு ஒரு நக்கலும் கிடைக்கவில்லை.

“வேணாம் மச்சான். எலை என்ன செய்யும்னு எனக்கே இன்னும் முழுசா தெரியாது. மாத்திரைய டாக்டரம்மாவைக் கேக்காம ஒரு வேள கூட வுடாதீங்க.”

என்னையே உற்றுப் பார்த்தார். “சரி. நீ சிரிக்காம பேசறது சக்கரைய வுட பயமா கீது.”

நர்ஸ் மறுபடி விரலைக் குத்த வந்தார். நாங்கள் இரண்டு பேரும் சர்க்கரை அளக்கும் அந்தச் சின்ன மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.