தபசு மரத்தடியில் குடை பிடித்தவன்

கோடை வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. என் மனைவி ஏற்காடு கட்சி. நான் வீட்டுக் கட்சி. அதை அப்படியே சொன்னால் சோம்பேறி என்று பெயர் வந்துவிடும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அதற்கு ஏதாவது கௌரவமான தலைப்பு கொடுப்பது வழக்கம். இந்த ஆண்டுத் தலைப்பு ‘உள்ளூர்க் கலைகள்’.

“எங்கெங்கிருந்தோ காஞ்சிபுரத்துக்கு ஆள் வந்து கோபுரத்தை அண்ணாந்து பாக்கறாங்க. நாம ஏற்காட்டுக்குப் போய்க் குரங்கைப் பாக்கணுமா?” என்றேன்.

“குரங்குங்களாவது குளிர்ல இருக்குது” என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை: எந்த நிகழ்ச்சியிலிருந்தும் நான் பாதியில் எழுந்து வரக்கூடாது.

கருட சேவைக்குப் போய்ப் பெருமாளைத் தவிர ஊரில் எல்லாரையும் தரிசித்தேன். ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தில், ஆடிய பெண்ணை முன்வரிசைக்காரர்களின் கைப்பேசிகள் வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அதில் ஒரு கைப்பேசி நடுவில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. எனக்குக் கலை போதும் என்று தோன்றியபோதுதான் அம்மன் கோயில் கூத்து வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் ஒரு தறிக்காரக் குடும்பம். அந்த வீட்டு மருமகள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவள். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி வைத்தியம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு கூத்தில் தபசு மரத்தடியில் நிற்பதென்று வேண்டிக்கொண்டிருந்தாள். தபசு என்பது, காட்டுக்குப் போன வீரன் சிவனிடம் அம்பு கேட்டுத் தவம் இருக்கும் கட்டம். மைதானத்தில் படிகள் அடித்து நட்ட உயரமான பனைமரத்தில், வேடம் கட்டிய கூத்துக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் பூசை செய்து எலுமிச்சம்பழங்களைக் கீழே போடுவார். குழந்தை வேண்டும் பெண்கள் ஈரப் புடவையுடன் மடியேந்தி நிற்பார்கள். பழம் விழுந்தவளுக்குப் பிள்ளை நிச்சயம் என்பது ஊர் நம்பிக்கை. போன வருடம் லீவு கிடைக்காமல் அவள் கூத்தைத் தவறவிட்டாள். இந்த வருடம் மேலதிகாரியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“ஆன்ட்டி, நீங்களும் வாங்க. அங்கிளையும் இட்டுக்கினு வாங்க. அவருக்குத்தான் கலை ரொம்பப் புடிக்குமே” என்றாள். அதில் கிண்டல் எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை.

உச்சி வெயில். அவள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மஞ்சள் புடவையில், முந்தானையை விரித்துப் பிடித்து நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார், மருமகளைவிடத் தீவிரமாக மரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். கூத்துக்காரருக்கு அவசரமில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. பாதி மரம் ஏறுவதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது.

“ஏங்க, பொண்ணு மயங்கி விழுந்துடுவா போலிருக்குது. போய்க் கொஞ்சம் குடை பிடிங்க” என்றாள் மனைவி.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அவளுக்குக் குடை பிடித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிகழ்ச்சியில் எனக்கு முன்வரிசை. மாமியாரே “நல்லா இரு சாமி” என்று வாழ்த்தினார். வானத்திலிருந்து விழப்போகும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் தலைக்குமேல் குடை பிடிப்பதில் உள்ள சிக்கல், நிறையப் படித்தவனாகிய எனக்கும் தோன்றவில்லை. நிறையப் பேசும் அந்த அம்மாவுக்கும் தோன்றவில்லை.

உச்சியில் மணி அடித்தது. கூட்டம் முழுவதும் ஒரே குரலில் என்னைப் பார்த்துக் கத்தியது: “யோவ், குடைய மடக்குயா!”

பொத்தானை அழுத்தினேன். மடங்கவில்லை. வெயிலில் என் குடை ஒன்றுதான் தன் கடமையில் உறுதியாக நின்றது. ‘டொப்’ என்று குடையின் உச்சியில் ஏதோ விழுந்து, சரிவில் உருண்டு, ஓரத்தில் ஒரு கணம் யோசித்து, என் தோளில் வாய் திறந்து தொங்கிய ஜோல்னாப் பைக்குள் இறங்கியது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர்ப் பாட்டிலுக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே, குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம்.

அவளுடைய மடி நேர் கீழே காலியாக விரிந்திருந்தது. மற்றப் பழங்கள் எல்லாம் வேறு பக்கம் விழுந்து முடிந்தன.

“இந்தாம்மா” என்று எடுத்து நீட்டினேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார். “அய்யய்ய! கைமாத்தா குடுக்க இது இன்னா தீப்பெட்டியா? உன் பையில வுழுந்தா உனக்குத்தான் வரம்.”

கூட்டம் இதைக் கலையாகவே ரசித்தது. “யக்கா, உங்களுக்குத்தான் யோகம்!” என்று ஒருத்தி என் மனைவியைப் பார்த்துக் கத்தினாள். “பெங்களூர்ல கீறாரே இவுங்க பையன், அவருக்குத் தம்பி பொறக்கப் போறான்பா!” என்றார் எங்கள் தெருக்காரர் ஒருவர். மாதவிடாய் நின்றதைப் போன வருடம்தான் பாயசம் வைத்துக் கொண்டாடியிருந்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பனைமரமே பட்டுப்போயிருக்கும்.

எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் முந்தானையை இன்னும் மடக்காமல் நின்றிருந்தாள். “பரவால்ல அங்கிள்” என்றாள். ஏகப்பட்ட நம்பிக்கையின்மைகளை வாசித்துச் சேர்த்துவைத்த ஆள் நான். அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது, அந்தப் பழம் அந்த மடிக்குப் போக ஒரு வழி மட்டும்தான்.

தபசுக்காரர் இறங்கி, கிரீடத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, சாயம் கலையாமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மாமியார் எங்கள் எல்லாரையும் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இன்னொரு பழம் குடுப்பா.”

“பை காலிம்மா. கடையில வாங்கித் தந்தா அது பூசை ஆன பழமா? அடுத்த வருசம் வா.”

“அடுத்த வருசம் இதுக்கு லீவு குடுப்பானா? இப்பவே பல்லு வலின்னு சொல்லிட்டு வந்துக்கீது.”

அவர் டீயை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குடை புடிச்சது நீதானா? மேல இருந்து பாத்தேன். யாரோ மினிஸ்டர் வந்துக்கிறாருன்னு நெனச்சேன்.” பிறகு அந்தப் பெண்ணிடம், “உங்க அப்பா அம்மா எங்க?” என்றார்.

மாமியார்தான் சொன்னார்: “வாலாஜாபாத். லவ் மேரேஜ். அன்னிலேர்ந்து இந்தப் பக்கம் பஸ் ஏறல.”

“பெத்தவங்க கைக்கு வந்த பழம்னா, தாய்வீட்டுச் சீரா மடி கட்டிக் குடுக்கலாம். அது செல்லும். வேற யாரு குடுத்தாலும் செல்லாது” என்றவர், என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். “பெத்தவங்கன்னா பெத்துத்தான் ஆவணும்னு கூத்துல எங்கயும் இல்ல.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. என் மனைவிக்கு ஆகவில்லை. யாரிடமோ வெற்றிலை, யாரிடமோ பூ, மஞ்சள் என்று கடன் வாங்கி, ஒரு கூத்துப் பெட்டியின் மூடியில் பரப்பிவிட்டாள். “நில்லுங்க பக்கத்துல. குடைய கீழ போடுங்க முதல்ல” என்றாள். இருவரும் சேர்ந்து பழத்தைப் பிடித்து அந்த மடியில் வைத்தோம். மாமியார் முந்தானையை முடிந்து, முடிச்சை இழுத்துப் பார்த்து, “சம்பந்தி, கூட ஒரு புடவ வெச்சிருக்கலாம்” என்றார். குறை சொல்லும் உரிமை அதற்குள் வந்துவிட்டது.

பழத்தைத் தோலோடு முழுதாகத் தின்ன வேண்டும் என்பது முறை. முடிச்சை அவிழ்த்துக் கடித்தாள். ஒரு கண் மூடிக்கொண்டது, மற்றதில் தண்ணீர் வழிந்தது. புளிப்பினால்தானா என்று நான் கேட்கவில்லை. கடைசி விதை வரை மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எந்த ஊர்ல பொண்ணுக்கு உப்பு இல்லாம சீர் வெப்பாங்க, அப்பா?” என்றாள்.

என் மனைவி அதற்குள் உப்பு கேட்டு டீக்கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.