வார்டனின் குடைக்கு நடந்த பூசை

கல்லூரியில் புதுமுக மாணவர்களை வரவேற்கும் வாரம் தொடங்கியபோது எங்கள் அப்பா கடலில் காணாமல் போயிருந்தார். வாடைக்காற்று கிளம்பிவிட்ட ஐப்பசியில் மிசின் போட்டில் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. கரையில் யாரும் அதைப் பற்றி என் முன்னால் கதைக்கவில்லை. அவர்கள் கதைக்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் பட்டணத்துக் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

“கொப்பர் வந்து, பெடியன் ஏன் போகேல்லை எண்டு கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது? நீ வெளிக்கிடு.”

பஸ்ஸில் போகிற வழியில் தொண்டைமானாற்றில் என்னை இறக்கி, சந்நிதி முருகன் கோயிலுக்கு இழுத்துப்போய், மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் காப்பாகக் கட்டினாள்.

“கொப்பர் கரைக்கு வந்து, அவற்றை கையாலைதான் இதை அவிழ்க்க வேணும். அதுமட்டும் மச்சம் தொடாதை மோனை.”

மீன் இல்லாத சோற்றை நோயாளியின் சாப்பாடு என்று நினைக்கிற வீடு எங்களுடையது. அப்பா இதைக் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். அவர் கோயிலுக்கு வந்தாலும் வெளி மரத்தடியில் நின்று சுருட்டுப் பிடிக்கிற ஆள். “முருகனிட்டை மயில் இருக்கு, என்னட்டை மிசின் இருக்கு. அவரவர் தங்கடை பாட்டிலை போவம்” என்பார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவன். பள்ளிக்கூடச் சோதனைக் காலத்தில் மட்டும் முருகனோடு நல்ல பழக்கம். இப்போது அப்பாவின் உயிரையே ஒரு நூலில் சுற்றி அம்மா என் கையில் தந்துவிட்டதால், வேறு வழியில்லாமல் முழுப் பக்தன் ஆனேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு விடுதிக்குள் போய் இறங்கினேன். பகிடிவதைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த சீனியர்மாருக்கு அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

பகலில் கல்லூரி அதிபர் மண்டபத்தில் ஒழுக்கத்தைப் பற்றி நித்திரை வரும்வரை உரையாற்றுவார். பின்னேரம் விடுதி முற்றத்தில் சீனியர்மார் அந்த ஒழுக்கத்தை எங்களுக்குச் செய்து காட்டுவார்கள். அவர்களுக்குத் தலைவன் ஒரு மீசைக்காரன். மீசையைத் தவிர அவனில் வேறொன்றும் ஒழுங்காக வளர்ந்திருக்கவில்லை. எங்களை வரிசையில் நிறுத்தி மணிக்கூடு, மோதிரம், சங்கிலி, நூல் எல்லாவற்றையும் கழற்றி ஒரு வாளிக்குள் போடச் சொன்னான்.

“எடேய், உனக்குத் தனியாச் சொல்ல வேணுமோ? உந்த நூலைக் கழட்டு.”

“ஏலாது, அண்ணை.”

அந்த வாரத்தில் புதுமுகங்களின் வாயிலிருந்து வரக்கூடாத சொல் அது. ஒருவன் சவரப் பிளேட்டோடு வந்து என் கையைப் பிடித்தான். அந்த நூல் அறுந்தால் நடுக்கடலில் வேறு ஏதோ அறுந்துவிடும் என்றே அந்த நேரத்தில் நம்பினேன்.

“வேறை என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ, செய்யிறன். கிணத்துக்கை குதிக்கச் சொன்னாலும் குதிக்கிறன்.”

மீசைக்காரன் என் நெற்றியைப் பார்த்தான். “நீ பெரிய பக்தன்தானே? ஒரு பூசை செய். திறமாச் செய்தால் நூல் உன்ரை. மந்திரம் பிழைச்சுதோ, நூல் எங்கடை.”

விடுதி வார்டனின் கிழிந்த கறுப்புக் குடையைத் தூக்கிவந்து பூச்சட்டி மண்ணில் குத்தினார்கள். அதுதான் வேலாம். முற்றம் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. எப்படித் தெரியும்? சந்நிதியில் பூசை செய்கிறவர் பிராமணர் இல்லை, எங்களைப் போன்ற கடற்கரைக் குடும்பத்து ஆள். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் பூசையை முடிப்பார். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த பூசை அதுதான். ஐயர்மார் மணிக்கணக்காக மந்திரம் சொல்கிற கோயில்களைக் கண்டால், கடவுளோடு இவ்வளவு என்ன கதை என்றுதான் எனக்குத் தோன்றும்.

“எங்கடை கோயிலிலை வாய் கட்டித்தான் பூசை, அண்ணை. மந்திரமில்லை.”

“பொய் சொல்லிப் பேக்காட்டாதை!” என்று பாய்ந்தான் பிளேட்டுக்காரன்.

“விடு, செய்யட்டும்” என்றான் மீசைக்காரன்.

முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து வாயைக் கட்டினேன். வேலியில் பூவரசமிலை பறித்துக் குடைக்கு முன்னால் பரப்பி, விடுதியின் காய்ந்த புட்டை அதில் படைத்தேன். சந்நிதியில் என்றால் ஆலமிலை. குடையையே பொறுத்த முருகன் இலையைப் பொறுக்க மாட்டானா? மெழுகுதிரியைக் கொளுத்திக் குடையைச் சுற்றிக் காட்டினேன்.

முதலில் கூட்டம் குதித்துக் குதித்துச் சிரித்தது. ஆனால் வாய் கட்டினவனோடு எவ்வளவு நேரம்தான் பகிடி விட முடியும்? கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் கேட்டவனுக்கே வெட்கம் வந்துவிடும். மெல்ல மெல்ல முற்றம் அடங்கியது. எனக்கும் என்னவோ ஆகிவிட்டது. கூத்தாகத் தொடங்கியவன், அந்தக் கிழிந்த குடையைப் பார்த்து மனதுக்குள் கத்தத் தொடங்கினேன். ‘அப்பாவைக் கொண்டுவந்து தா. அவர் உன்னைப் பகிடி பண்ணினதை மனதில் வைக்காதே. அவர் எல்லோரையும் அப்படித்தான் பண்ணுவார். கொண்டுவந்து தா.’ லேஞ்சி நனைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். பிளேட்டுக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். மீசைக்காரன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பியிருந்தான். நான் பார்த்ததும் சட்டென்று இறக்கித் தலையைச் சொறிந்தான். எல்லாம் தாய்மார் திருநீறு பூசி வளர்த்த பிள்ளைகள்தானே, பழக்கம் விடுமா?

குசினி அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிவந்து எல்லோர் நெற்றியிலும் பூசினேன். மீசைக்காரன் குனிந்து வாங்கினான்.

“உந்த நூல் என்னத்துக்கடா?” என்று மெதுவாகக் கேட்டான்.

லேஞ்சியை அவிழ்த்துவிட்டுச் சொன்னேன். அவன் வாளிக்குள் இருந்ததை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். “ஆராவது உவன்ரை நூலைத் தொட்டியளோ, பல்லுப் பறக்கும்” என்றான். அன்றிலிருந்து கல்லூரியை விட்டுப் போகும்வரை என் பெயர் பூசாரி.

வாரத்தின் கடைசி நாள் அதிபர் மறுபடி ஒழுக்கத்துக்குள் இறங்கியபோது, மீசைக்காரன் மண்டப வாசலில் வந்து நின்று கையை ஆட்டினான்.

“எடேய் பூசாரி, கேற்றடியிலை உன்னைத் தேடி ஒராள். ஓடு!”

ஓடினேன். அப்பா நின்றார். யாரோ தந்த அளவில்லாத சட்டை. தலையில் இறுக்கிக் கட்டிய துவாய். கையில் வாழையிலைப் பார்சல், அதிலிருந்து பொரித்த மீன் மணம். மிசின் பழுதாகி, நீரோட்டத்தில் இழுபட்டுப்போய் இந்தியப் பக்கம் கோடியக்கரையில் ஒதுங்கினாராம். அங்கே இருந்த கடற்றொழிலாளர்கள் சோறும் சட்டையும் தந்து, மிசினையும் திருத்தி அனுப்பினார்களாம். பஸ் பிந்திய கதை போல இதையெல்லாம் சொன்னார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. “அம்மா செத்துப் பிழைச்சவ, தெரியுமோ?”

“ஓம், ஓம். கொம்மாட்டை வேண்டிய பேச்செல்லாம் வாங்கிப்போட்டுத்தான் வாறன். கையைத் தா. நான்தான் அவிழ்க்க வேணுமாம்.”

முடிச்சு அவிழவில்லை. ஆயுள் முழுதும் கயிறும் வலையுமாக வாழ்ந்த மனிதர், அம்மா போட்ட முடிச்சோடு மல்லுக்கட்டினார். “என்ன கோதாரி முடிச்சடா இது, நங்கூரத்துக்குப் போட்டவவோ?” கடைசியில் குனிந்து பல்லால் கடித்தார். துவாய் நழுவி விழுந்தது.

மொட்டை. சந்தனம் காய்ந்திருந்த முழு மொட்டை. கரையேறின கையோடு, வீட்டுக்கும் போகாமல், நேரே சந்நிதிக்குப் போய் முடியிறக்கியிருக்கிறார். அம்மா ஏசியதே அதற்குத்தானாம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணீர் ஓட ஓடச் சிரித்தேன். நூல் அறுந்துவிட்டது. அப்பா நிமிரவுமில்லை, என் மணிக்கட்டை விடவுமில்லை.

“சிரியடா, சிரி” என்றார், குனிந்தபடியே. “கரையிலை நிண்ட உங்களுக்கு மட்டும்தான் பயமெண்டு நினைச்சனீங்களோ?”