பத்துக்கு ரெண்டு

இரண்டாயிரத்து மூணோ நாலோ, அரையாண்டுப் பரீட்சை முடிந்த டிசம்பர். திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வலியை மூளை எப்படி உணர்கிறது, பக்கத்தில் ஆள் இருந்தால் வலி குறைகிறதா என்று ஆராய்ச்சி செய்ய வந்த மாணவி. பெங்களூரில் படிக்கிறேன் என்ற மிதப்பு வேறு.

வருகிறவர்களிடம் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு ஃபாரத்தில் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி என்று முதலில் விளக்கணும். காலையிலிருந்து ஒப்பித்து அலுத்துப்போய், அதை முழுங்கிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து ஒரே ஒரு நர்ஸ் அக்கா. நான் எழுதும் நம்பரைப் பார்த்து, பெரிய நம்பர்காரர்களை முதலில் உள்ளே அனுப்புவதாகச் சொன்னார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு டீச்சர் தனியாக வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, பை நிறைய விடைத்தாள். தாடையும் இடது தோளும் கடுக்குதாம், பல்லாக இருக்குமோ என்றார். பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

"பத்துக்கு ரெண்டுதாம்மா தேறும்."

ரெண்டு என்று எழுதினேன். வரிசையில் கடைசி ஆளாகிவிட்டார்.

என் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து பேப்பர் திருத்த ஆரம்பித்தார். இம்புட்டுக் கூட்டத்திலும் வேலை பார்க்கிறாரே, வலி ஒன்றும் பெரிதாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது நிமிஷம் போனது. அவர் கையிலிருந்து ஒரு தாள் நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்தால் ஈரம். மார்கழிக் குளிரில் வேர்வை பட்டுச் சிவப்பு மை கலங்கியிருந்தது. மேலே வட்டம் போட்டு, பத்துக்கு இரண்டு. அதற்குக் கீழே, 'மிக மோசம்'.

டீச்சர், நீங்க என்கிட்ட சொன்ன ரெண்டும் மார்க்கா என்று கேட்டேன்.

"பின்ன? உடம்புக்கு அம்புட்டுத்தான் போட முடியும். உக்காரவே ஏலல பாப்பா."

கதவைக்கூடத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் ஓடினேன். ஈசிஜி தாள் வெளியே வர வர டாக்டரின் முகம் மாறியது. மாரடைப்பு. ஊசி போட்டு, மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் நிலக்கோட்டையில் வேலையில் இருந்தார், வந்து சேர நேரமாகும். நான்தான் கூட ஏறினேன். கொடைரோடு தாண்டும்போது டீச்சருக்குக் கண் செருகியது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. கையைத் தேய்த்து, டீச்சர் டீச்சர் என்று கத்திக்கொண்டே போனேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

பிழைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர், நேராக என்னிடம் வந்து அந்த ஃபாரத்தைக் கேட்டார். பத்து என்றால் என்னவென்று விளக்காமல் கேட்டதை அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து என் ரெண்டை அடித்தார். எட்டு என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். பத்து என்று எழுதினார்.

"கேள்வி தப்பா இருந்தா, எழுதுன புள்ளைக்கு முழு மார்க் குடுத்துரணும். அதான் எங்க வழக்கம்."

அந்த ஃபாரம் இப்போதும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இன்றுவரை வலி ஆராய்ச்சிதான் என் பிழைப்பு. யாரிடம் கேட்டாலும் பத்து என்றால் நல்லதா கெட்டதா என்று பேசிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். பக்கத்தில் ஆள் இருந்தால் வலி குறையுமா என்று படிக்க வந்தவள், பக்கத்தில் இருந்தும் ஒரு முகத்தைப் பார்க்காத அந்த நாற்பது நிமிஷத்துக்கு மட்டும், எனக்கு நானே இன்னும் பூஜ்யம்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.