முதல் சஃப்பும் கீரிமீன் வாசமும்

கிணற்றடியில் எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் வாப்பாவின் கையில் கீரிமீன் வாசம் நிற்கும். கல்முனைக் கரையில் கரைவலை இழுத்த எல்லோரிடமும் அது இருந்தபடியால், அதை நாற்றமென்று நினைக்க எங்களுக்குத் தெரியாது, பிள்ளைகளே.

ஒருநாள் கரையிலிருந்து நேரே பள்ளிவாசலுக்கு வந்து பின்னேர அஸர் தொழுகைக்கு முதல் "சஃப்பில்", அதாவது முன்வரிசையில், நின்ற வாப்பாவை, பக்கத்தில் நின்ற புடவைக்கடைக்காரர் தொழுது முடிந்ததும் நாலு பேர் கேட்கவே பிடித்துக்கொண்டார். "பச்ச வெங்காயம் திண்டவனையே பள்ளிக்கு வராத எண்டு ஹதீஸ் இரிக்கி. நீங்க கடலையே கட்டிக்கிட்டு வாறீங்க. இது ஹராமில்லியா காக்கா?"

வாப்பா எழும்பி, பள்ளியில் தொழுவித்து மார்க்கம் சொல்லித்தரும் ஹஸ்ரத்திடம் போய், "நான் வரலாமா, வரப்படாதா?" என்று மட்டும் கேட்டார்.

ஹஸ்ரத் ஆளுக்கேற்றபடி மாற்றிச் சொல்லத் தெரியாத மனிதர். நபி சொன்ன அந்த ஹதீஸில் மீன் இல்லை என்றார். வெங்காயத்தையும் உள்ளிப்பூண்டையும் நபி ஏன் தடுத்தார்கள் என்று பழைய சட்ட இமாம்கள் தேடி, பக்கத்தில் நிற்பவருக்கு நோவினை என்ற காரணத்தைக் கண்டு, அதே காரணம் மீன் வாசத்திலும் இருக்கிறபடியால் அதையும் "மக்ரூஹ்", வெறுக்கப்பட்டது, என்று அளந்தார்கள் என்றார். "தடுக்கப்பட்ட ஹராமில்ல. தொழுகையும் கூடும். கழுவியும் போகாத தொழில் வாசத்துக்குக் குற்றமில்ல." வாப்பாவின் காதில் "வெறுக்கப்பட்டது" மட்டும்தான் ஏறியது. மறுநாளிலிருந்து வலைக்காரரைச் சேர்த்துக்கொண்டு மணலிலேயே தொழுதார்.

சில நாளில் ஹஸ்ரத்தே கரைக்கு வந்தார். "தள்ளி நில்லுங்க ஹஸ்ரத், ஜுப்பா நாறிப்போகும்," என்று ஒருவர் பகிடி விட்டார்.

"எல்லாரும் நாறுற இடத்தில ஆருக்குகா நோவினை? காரணம் இல்லாட்டி மக்ரூஹும் இல்ல," என்று வாப்பாவின் தோளோடு ஒட்டி நின்றார் ஹஸ்ரத். "வெள்ளிக்கிழம குளிச்சிப்போட்டுப் பள்ளிக்கு வாங்க காக்கா."

"ஓம் ஹஸ்ரத்."

வாப்பா போனார். வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், கடைசி சஃப்பில் நின்றார்.

இப்போது அந்த மணலைக் கடல் தின்றுவிட்டது; பள்ளிக்குள் குளிரூட்டியும் அத்தர் வாசமும். நீங்கள் கைபேசியைப் பார்த்துப் பார்த்து "இது ஹராமா வாப்பா?" என்று கேட்கும்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது; ஹராமுக்கும் ஹலாலுக்கும் நடுவில் உள்ளதை நிதானமாக அளந்து சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் பொறுமையில்லை. காரணம் நீங்கினால் சட்டம் நீங்கும், உண்மைதான். ஆனால் மீனையே தொடாத முதுமையிலும் என் வாப்பா முன்னுக்குப் போகவில்லை. அவர் கண்மூடிய அன்று, கடைசித் தொழுகைக்காக, அவருடைய ஜனாஸாவைத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டுபோய் முதல் சஃப்புக்கும் முன்னால் வைத்தோம்.