தேவைப்பட்டா தானா வரும்

கம்ப்யூட்டர் சர்வீஸ்ங்கறது, ஒருத்தர் கம்ப்யூட்டரை ஒரு தடவை தொட்டுட்டு, அப்புறம் அதுல நடக்கற அத்தனைக்கும் திட்டு வாங்கற தொழில்.

என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களே, கேளுங்க. காலேஜைப் பாதில விட்டுட்டு, எங்க தீவுல ஜங்லிகாட்ல இருக்கற முருகேசண்ணன் கம்ப்யூட்டர் கடைல சேர்ந்தேன். அங்க சாஃப்ட்வேரை முழுசா ஏத்த மாட்டோம். கொஞ்சூண்டு போட்டா போதும். மிச்சத்தை, கஸ்டமர் ஒரு பட்டனை மொத தடவை அமுக்கும்போது அதுவே நெட்ல இருந்து இறக்கிக்கும். பாதில விடறது நமக்குக் கைவந்த கலையாச்சே!

டெய்ரி ஃபார்ம் சார்

டெய்ரி ஃபார்ம் ஏரியால, ரிட்டயர்டான சுந்தரம் சார் வீட்ல வேலைய சட்டுனு முடிச்சுட்டுப் பையைத் தூக்கினேன். "அவ்ளோதானா? மிச்சம்?"னாரு. "தேவைப்பட்டா தானா வரும் சார்"னேன்.

சார் என்னையே பாத்தாரு. "மெயின்லேண்ட்ல இருக்கற என் பையனும் இதேதான் தம்பி சொல்றான்."

கட்டம் கட்டமா

மாயாபந்தர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கற ஸ்டெல்லா அக்காவுக்கும் அப்படித்தான் போட்டேன். அவங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அடிக்க மொத தடவையா தமிழ்ல டைப் பண்ணியிருக்காங்க. தமிழ் எழுத்து நெட்ல இருந்து வரணும். அங்க மழை. நெட் பந்த்.

போன்ல கத்தினாங்க: "அரே, நாளைக்குப் பத்திரிகை வாங்க மாப்ள வீட்டுக்காரங்க வராங்கடா! பொண்ணு பேரு கட்டம் கட்டமா வருது. இது பத்திரிகையா, லூடோ பலகையா?"

பென் டிரைவ்

"சரி பண்ணாம கடைப் பக்கம் வராத"ன்னு முருகேசண்ணன் விடியக்காலைல பஸ் ஏத்திவிட்டாரு. காடு, படகுத்துறை எல்லாம் தாண்டி, இடுப்பு ஒடிஞ்சு போய்ச் சேர்ந்து, பென் டிரைவைச் சொருகினேன். 'மிச்சத்தை இறக்க நெட் வேணும்'னுச்சு. அவசரத்துல அதுலயும் அந்தக் கொஞ்சூண்டைத்தான் காப்பி பண்ணியிருக்கேன்!

அதுக்குள்ள மாப்ள வீட்டு ஆளுங்க வாசல்ல செருப்பைக் கழட்டறாங்க. வேற வழி? கம்ப்யூட்டரை மூடினேன், பேனாவை எடுத்தேன். பொண்ணு பேரு, மாப்ள பேரு, சர்ச்சு, நேரம்னு பூவெல்லாம் போட்டு எழுதி, ஜெராக்ஸ் மெஷின்ல கொடுத்தேன். மாப்ளயோட அப்பா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கையால எழுதினதா? ஜோரா இருக்கே!"ன்னு இன்னும் ஒரு கட்டு கேட்டாரு.

ஸ்டெல்லா அக்கா என் காதைப் பிடிச்சு, "பரிட்சைல இப்படி எழுதியிருந்தா பாஸ் ஆயிருப்பியேடா!"

கடைசி போன்

பத்திரிகை ரெடின்னு சந்தோஷமா முருகேசண்ணனுக்குப் போன் போட்டேன். "சாஃப்ட்வேர் ஓடுதா?"ன்னாரு. "இல்லண்ணே, பேனா ஓடிச்சு"ன்னேன்.

 அண்ணன் பொறுமையா சொன்னாரு: "நீ அங்கயே இரு தம்பி. தேவைப்பட்டா கூப்பிடறேன், தானா வந்துடு."

இன்னும் கூப்பிடல, ஸ்டெல்லா அக்கா கடைல நான் இப்ப முழுசாவே இன்ஸ்டால் ஆயிட்டேன்.