வெளி என்று எழுதிய இடமெல்லாம்

மறிச்சுக்கட்டி ஊர்க்காரி ஹுஸ்னியா எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியை. ஏழு வருடமாகப் பல்கலைக்கழகத்தில் பதிந்து ஆய்வும் செய்தாள். வீட்டில் ஒருவரும் தடுத்ததில்லை. கணவர் வஸீர், “படி, சோத்தைப் போட்டிட்டுப் படி” என்பார். மாமியார் மரியம், “படி புள்ள, குழந்தை உறங்கட்டும்” என்பார். அதிபரோ, “லீவு எடுங்கோ, பிள்ளையளுக்குச் சோதனை முடியட்டும்” என்பார். கேட்க எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவள் ஆய்வை எனக்கு விளக்கியிருக்கிறாள். துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டு ஓரிடத்தை நெருங்க வேண்டும். ஒவ்வொரு அளவுகோலாக வைத்துப் பார்த்தால் நெருங்குவதாகத் தெரிவது நலிந்த அடி. தூரமே குறைவதுதான் உண்மையான அடி. பனாக் வெளி எனப்படும் ஓட்டையில்லாத வெளிகளில் ஒருவகையில் நலிந்த அடி எல்லாம் உண்மையான அடிதான். அது பழைய தேற்றம். ஓட்டையுள்ள வெளியிலும் அப்படியே என்று நிறுவியதுதான் ஹுஸ்னியாவின் புதுமை. அவளுடைய வீடும் ஒரு நலிந்த அடிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆளாளாகக் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள், தூரம் மட்டும் ஒரு சாணும் குறையவில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்கும் கடைசித் தவணைக்கு நான்கு நாள் இருக்கப் பிழையைக் கண்டாள். அடுப்படியில் அவசரமாகத் தமிழில் எடுத்த குறிப்புகளில், அந்த வகைப் பனாக் வெளி என்று முழுதாக எழுத நேரமில்லாமல், வெறும் ‘வெளி’ என்று எழுதி வைத்திருந்தாள். மூன்று வருடம் கழித்து ஆங்கிலத்தில் எழுதும்போது அதை எந்த வெளிக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொண்டாள். திருத்தினால் பழைய தேற்றம், திருத்தாவிட்டால் பொய். மேற்பார்வைப் பேராசிரியர் கவனிக்காமல் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

“ஒருத்தருக்கும் தெரியாதுதானே, குடுத்திட்டு வா” என்றார் வஸீர்.

அவள் ஆய்விலிருந்து விலகும் படிவம் நிரப்பப் பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். காரணம் எழுதும் கட்டத்தைக் கந்தோர் அம்மா விரலால் காட்டினார். “குடும்பக் காரணம் எண்டு போடுங்கோ. பெம்பிளையள் எல்லாரும் அதுதான் போடுறவை. பிறகு திரும்பப் பதியலாம். வேற எதையும் எழுதினா விடமாட்டினம்.”

ஹுஸ்னியா எழுதினாள்: ‘தேற்றம் பிழை.’

திரும்பும் பஸ்சில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. “ஒரு சின்னப் பொய் எழுதினா என்ன, டீச்சர்? திரும்பப் போயிருக்கலாமே.”

“குடும்பக் காரணம் எண்டது பொய்யில்ல, டீச்சர்,” என்றாள். “அதாலதான் எழுதேல்ல.”