ஜெனட் அழிக்கச் சொன்ன வரைபடம்

மலேசியாவின் பீடோருக்கு வெளியே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில், முப்பத்தாறு குடும்பங்கள் இன்னும் லயத்து வீடுகளை விடவில்லை. நிலத்தை வாங்கியவர்கள் வீடுகளை இடிக்க மண்வாரி இயந்திரம் அனுப்பும்போதெல்லாம் குடும்பத்தினர் பாதையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆட்களைப் பிடிபடாமல் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஜெனட்டின் பொறுப்பு. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவரின் மகள் அவர். ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். ஒற்றையடிப் பாதைகள் அத்தனையும் மனப்பாடம். எந்தப் பாதையில் போலீஸ் லாரி நிற்கிறது என்பதை மட்டும் கைப்பேசியில் ஒரு செயலி சொன்னது. லாரியைப் பார்த்தவர்கள் அதன் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பார்கள். அதுவரை நடந்த இரண்டு மறியலிலும் ஒருவர்கூடச் சிக்கவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வாக்குமூலம் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போனால், அவர்கள் கண்ணில் படாதிருக்க வாசலிலேயே செயலியை அழித்துவிடுவார்கள். வெளியே வந்ததும் மறுபடி இறக்கிக்கொள்வார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை லயத்தில் இருந்த எல்லாரையும் போலீஸ் அழைத்திருந்தது. "அழிச்சாச்சா, காட்டு" என்று ஒவ்வொரு கைப்பேசியாகப் பார்த்துத்தான் ஜெனட் உள்ளே அனுப்பினார்.

மாலையில் மறுபடி இறக்கத் தேடினால் செயலியே இல்லை.

"லைன் சரியில்லையோ?" என்றார் ஜெனட்.

பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி கைப்பேசியில் செய்தியைப் படித்தாள். "இல்லக்கா. போன் கம்பெனிக்காரனே ஆப் கடையிலேருந்து எடுத்துட்டானாம்லா. போலீஸ்காரங்களுக்கு ஆபத்தாம்."

"நமக்கு?"

தினேஸ்வரி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அது போடல."

வியாழக்கிழமை காலை இயந்திரம் வந்தது. வாய்க்கால் ஓரப் பாதையில் லாரி நின்றதே இல்லை என்ற நம்பிக்கையில் ஜெனட் அந்த வழியைச் சொன்னார். அன்று நின்றது. பதினொரு பேரைப் பிடித்தார்கள். ஓடிய பழைய பால்மரத் தொழிலாளி அர்ச்சுனனுக்கு வாய்க்காலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

"பால் வாளியத் தூக்கிட்டு ஓடுன காலும்மா. இப்ப ஏமாத்திருச்சு," என்று மருத்துவமனைக் கட்டிலில் சிரிக்கப் பார்த்தார் அவர். "நீ என்ன செய்வ?"

ஜெனட் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

தொலைவில் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் தங்கி வேலை செய்யும் லயத்துப் பையன் தர்மேந்திரன் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தான். செவ்வாயன்று நிலையத்துக்குப் போகாததால் அவன் கைப்பேசியில் செயலி அப்படியே இருந்தது. திங்கட்கிழமை அவனுக்கும் நிலையத்தில் அழைப்பு.

"அழிச்சிட்டுப் போறேங்க்கா."

"அழிக்காத. போன என்கிட்ட குடுத்துட்டுப் போ."

அவன் போனபின் ஜெனட் செயலியைத் திறந்தார். வாய்க்கால், கோயில், லயம் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. லாரிகள் போய்விடவில்லை, புள்ளி வைக்கத்தான் ஆளில்லை.

வெயிலில் பெரிய சாலை வரை நடந்தார். செம்பனை நிழலில் ஒரு போலீஸ் லாரி நின்றது. வரைபடத்தில் அது நின்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினார்; சிவப்புப் புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியைப் பார்க்க அந்தத் தோட்டத்தில் அவர் கையிலிருந்த கைப்பேசியைத் தவிர வேறொன்றில்லை.